ஆடு இலையைத் தின்கிறதா, இலை ஆட்டைத் தின்கிறதா?

(புதூரில் மாலை வகுப்பு நடத்தும் தோழர்களிடம் பேசியதன் எழுத்து வடிவம்)



ஆங்கிலத்துக்குப் பயந்து கல்லூரியில் கடைசி பெஞ்சுக்குப் போய், வாய் திறக்காமலே வெளியேறும் நம் பிள்ளைகளை நீங்கள் அறிவீர்கள். அந்தப் பயம் தொடக்கப்பள்ளியிலேயே வந்துவிடுகிறது. தான் பார்த்தே இராத பொருள்களைப் பற்றிய வாக்கியங்களை மனப்பாடம் செய்யும் பிள்ளைக்கு மொழியும் அந்நியமாகிறது. அதனால் பிள்ளைக்குத் தெரிந்ததிலிருந்து தொடங்குங்கள். இந்தக் கரிசல் காட்டில் அது ஆடுதான்.

தமிழில் பொதுவாக ஆடு என்கிறோம். ஆங்கிலத்தில் வெள்ளாடு 'கோட்', செம்மறி 'ஷீப்'. முகத்தின் இருபுறமும் கோடு ஓடும் கன்னி ஆட்டையும், வெள்ளை உடம்பில் செம்பழுப்புத் திட்டுகள் கொண்ட வேம்பூர் செம்மறியையும் நம் பிள்ளைகள் தூரத்திலேயே பிரித்துச் சொல்வார்கள். 'ஒன் கோட், டூ கோட்ஸ்'. ஆனால் 'ஒன் ஷீப், டூ ஷீப்'. ஒருமை பன்மையும் அதன் விதிவிலக்கும் ஆட்டுக்கிடையிலேயே கிடைத்துவிட்டன.

அடுத்து, சொல் வரிசை. 'ஆடு இலையைத் தின்கிறது', 'இலையை ஆடு தின்கிறது' இரண்டும் தமிழில் ஒன்றுதான். 'ஐ' உருபு பொருளைக் காப்பாற்றிவிடும். ஆங்கிலத்தில் அந்த உருபு இல்லை. சொல் நிற்கும் இடம்தான் அந்த வேலையைச் செய்கிறது. 'தி கோட் ஈட்ஸ் லீவ்ஸ்' என்பதை 'லீவ்ஸ் ஈட் தி கோட்' என்று மாற்றினால் இலை ஆட்டைத் தின்றுவிடும். பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரித்துக்கொண்டே கற்ற விதி மறக்காது.

மூன்றாவது, உடைமை. 'மை கோட்', 'ஹிஸ் கோட்'. வாரத்துக்கு ஆடு வளர்க்கும் வீட்டுப் பிள்ளைக்கு இந்த வேறுபாட்டை விளக்கவே வேண்டாம். 'ஐ கிரேஸ் ஹிஸ் கோட்ஸ்' என்று எழுதும்போதே, மேய்ப்பது யார், ஆடு யாருடையது என்ற கேள்வி எழுந்துவிடும்.

ஆட்டுக்காரர் வந்தால் 'வந்தார்', மேய்ப்பவர் வந்தால் 'வந்தான்' என்கிறது நம் ஊர்ப்பேச்சு. பேரன் வயதுப் பையன் 'வாடா' என்று கூப்பிட, 'சொல்லுங்க' என்று பணிந்து நின்ற தாத்தாக்களின் வாரிசுகள் நாம். இன்றைய ஆங்கிலத்தில் இருவருக்கும் 'ஹீ கேம்'தான், இருவருமே 'யூ'தான். இதைச் சொல்லிக்கொடுக்கும் வகுப்பில், பிள்ளைகளைத் தமிழிலும் 'வாங்க' என்றே அழையுங்கள்.

அதற்காக ஆங்கிலத்தைத் தெய்வமாக்க வேண்டாம். 1066-இல் பிரெஞ்சு பேசிய நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். தொழுவத்தில் நிற்கும் 'கவ்', 'ஷீப்' இரண்டும் அங்கிருந்த உழவர்களின் பழைய சொற்கள். தட்டில் விழும் 'பீஃப்', 'மட்டன்' இரண்டும் பிரெஞ்சிலிருந்து வந்தவை. வளர்த்தவர் சொல் ஒன்று, ஆண்டவர் சொல் வேறொன்று. அங்கும் மொழியில் ஆதிக்கத்தின் தடம் உண்டு என்று பெரிய பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

சாவித்திரிபாய் பூலே 1854-இல் வெளியிட்ட 'காவ்ய பூலே' தொகுப்பிலேயே ஆங்கிலம் கற்க அழைக்கும் கவிதை உண்டு. 170 ஆண்டுகள் கடந்தும் நம் பிள்ளைகளுக்கு அது முழுதாகக் கைகூடவில்லை.

நாளைய வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டு விலங்கைப் பற்றி ஐந்து வாக்கியம் எழுதட்டும். பசுவைப் பற்றித்தான் கட்டுரை எழுத வேண்டும் என்று சட்டமில்லை. எருமை, பன்றி, கழுதை எல்லாம் வரட்டும். ஒரு வாக்கியமாவது 'ஐ' என்று தொடங்கட்டும். தவறு வந்தால் திருத்துங்கள். யாரும் கேலி செய்யாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.