கர்ப்ப ஸ்திரீகளும் யோகப் பயிற்சியும்



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம், கர்ப்ப ஸ்திரீகளுக்கு யோகாசனம் சொல்லிக் கொடுக்கும் ஆசிரியைகளாக இந்த ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெண்கள் பயிற்சி பெறலாமா என்பதாகும். யோகம் என்றவுடன், "இது சாமியார்கள் சங்கதியாயிற்றே, சுயமரியாதைக்காரர்களுக்கு இதில் என்ன வேலை?" என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். நாம் திருப்பிக் கேட்கிறோம்: கையைத் தூக்குவதும், முதுகை நிமிர்த்துவதும், மூச்சை நிதானமாய் இழுத்து விடுவதும் எந்த மதத்தின் சொத்து?

இந்த வித்தை பெண்களுக்குத் தகாது என்றும் சொல்லிப் பார்த்தார்கள். மைசூர் அரண்மனையில் யோகம் கற்பித்த கிருஷ்ணமாச்சாரியார், ரீகா நகரில் பிறந்த இந்திரா தேவி என்ற ஐரோப்பியப் பெண் கற்க வந்தபோது முதலில் மறுத்தார். மகாராஜா சிபாரிசு செய்த பிறகு 1937 வாக்கில் சேர்த்துக்கொண்டார். அந்த அம்மையாரே பிற்பாடு அமெரிக்காவில் ஹாலிவுட்டில் யோகப் பள்ளி திறந்தார். மகாராஜாவின் சிபாரிசு வந்தவுடன் விலகிக்கொள்ளுகிற கட்டுப்பாடு, மில் கூலிக்காரன் மகளிடம் மாத்திரம் ஏன் கண்டிப்புக் காட்ட வேண்டும்?

ஆனால், தோழர்களே, நாலு ஆசனம் தெரிந்தவர்களெல்லாம் பிள்ளைத்தாய்ச்சிக்கு ஆசிரியையாகிவிட முடியாது. அமெரிக்காவிலுள்ள யோகா அலையன்ஸ் என்னும் சங்கம், 200 மணி நேர அடிப்படைப் பயிற்சிக்கு மேல், கர்ப்ப காலத்துக்கென்று தனியாக 85 மணி நேரப் பயிற்சி கேட்கிறது. நம் நாட்டில் ஆசிரியர்களைப் பரீட்சித்துச் சான்று கொடுக்க 2018இல் யோகா சான்றளிப்பு வாரியம் ஏற்பட்டது. சென்னை அரும்பாக்கத்திலுள்ள அரசாங்க யோகா, இயற்கை மருத்துவக் கல்லூரியோ டாக்டர் படிப்பாகவே கற்பிக்கிறது.

இவ்வளவு படிப்பு எதற்கென்றால், இது இரண்டு உயிர்களின் காரியம். மாதம் ஏற ஏற, மல்லாந்து வெகுநேரம் படுத்தால் கனத்த கருப்பை பெரிய இரத்தக் குழாயை அழுத்தித் தாய்க்கு மயக்கம் வரலாம். மூட்டுக் கட்டுகள் அக்காலத்தில் தளர்ந்திருப்பதால் அளவுக்கு மேல் வளைக்கக்கூடாது. மூச்சை அடக்கி வைக்கச் சொல்லக்கூடாது. இரத்தம் கண்டாலும், கடுந்தலைவலியோடு கண் மங்கினாலும், குழந்தையின் அசைவு குறைந்தாலும், உடனே பயிற்சியை நிறுத்தி ஆஸ்பத்திரிக்கு அனுப்பத் தெரிய வேண்டும். ஆசனம் முதுகுவலியைத் தணிக்கலாம். இரும்புச் சத்து மாத்திரைக்கும் டாக்டர் பரிசோதனைக்கும் பதிலாகாது. உலக சுகாதார ஸ்தாபனம் 2020இல் வாரத்துக்கு 150 நிமிஷ மிதமான உடலுழைப்பைச் சொன்னபோது, தடையில்லாத கர்ப்பிணிகளுக்கென்றுதான் சொல்லிற்று.

இனித் தள்ள வேண்டியது எது? மந்திரம் சொன்னால் ஆண் பிள்ளை பிறக்கும், சிவப்பாய்ப் பிறக்கும் என்று காசு பிடுங்கும் புரட்டைத்தான். மூன்றாம் மாதம் "பும்சவனம்" என்று ஆண் குழந்தைக்காகச் சடங்கு செய்யச் சொன்னார்களே, அதற்கு முன்பே, கரு உண்டான அன்றே, தகப்பன் வித்தினால் ஆணா பெண்ணா என்பது முடிந்துபோன சங்கதியாயிற்றே! முடிந்த காரியத்துக்குத் தட்சிணை எதற்கு? பெண் சிசுவைக் கண்டறிந்து அழிக்கும் கொடுமையைத் தடுக்க 1994இல் சட்டமே செய்ய வேண்டி வந்தது இந்த ஆண் பிள்ளைப் பைத்தியத்தால் அல்லவா?

கடைசியாக ஆண்களுக்கு ஒரு வார்த்தை. ராஜபாளையத்து நூல் மில்லில் நாள் முழுவதும் நின்றுவிட்டு வருகிறவளுக்கு முதல் ஆசனம் உட்காருவதுதான். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேருக்கு வடம் பிடிக்க எத்தனையோ கைகள் நீளுகின்றன. வீட்டிலுள்ள பிள்ளைத்தாய்ச்சிக்கு ஒரு குடம் தண்ணீர் தூக்க எத்தனை கை நீளுகிறது? வருஷத்தில் 80 நாள் வேலை செய்தவளுக்கு, முதல் இரண்டு பிரசவத்துக்கு 26 வாரம் சம்பளத்தோடு லீவு என்று 2017இல் சட்டம் திருத்தப்பட்டது. அதைக் கேட்டு வாங்கிக் கொடுக்க எத்தனை பேர் உடன் போனீர்கள்?

தலைமுறை தலைமுறையாய்ப் பிள்ளை வாங்கிய மருத்துவச்சியைத் தீட்டு என்று திண்ணையில் ஏற்றாத சமூகம் இது. அதே வேலையின் ஒரு பகுதி இன்று சான்றிதழும் சம்பளமும் உள்ள தொழிலாகி வரும்போது, அவள் பேத்தியும் பின்தங்கிய வீட்டுப் பெண்களும் அதற்கு முதலில் வரவேண்டும். மந்திரத்தை வாசலில் விட்டு, உடற்கூறு படித்து, ஜாதி பாராமல் எந்தத் தெருவுக்கும் போய்ச் சொல்லிக் கொடுக்கட்டும். அப்படி வரும் பெண்களைத் தடுக்காமல் படிக்க அனுப்புங்கள் என்று கேட்டுக்கொண்டு இத்துடன் முடித்துக்கொள்ளுகிறோம்.