பட்டையில் எழுதிய ஏடு



பள்ளிப்பட்டில் நான் ஆசிரியப் பணி புரிந்த காலத்தில், ஒரு நாள் வகுப்பில் மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, பூர்ஜபத்திரம் என்றால் என்ன?" என்று கேட்டான். "பத்திரம் என்பது இலை, ஆகவே பூர்ஜ மரத்தின் இலை" என்று தயங்காமல் விடை கூறினேன். அவனும் அவ்வாறே எழுதிக்கொண்டான். பின்னர்தான் என் பிழை எனக்கு விளங்கிற்று. அஃது இலையன்று; மரத்தின் பட்டை. அந்தத் திருத்தத்தையே இன்று உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன்.

பூர்ஜ மரம் நம் சமவெளியின் வெப்பத்தைத் தாங்காது. இமயமலையில், ஏறத்தாழ 3,000 மீட்டருக்கு மேல், பெரும்பாலான மரங்கள் பின்தங்கிவிடும் உயரத்தில், பனியையும் காற்றையும் எதிர்த்து நிற்பது அது. அதன் வெளிறிய பட்டை மெல்லிய தாள் தாளாக உரியும். நீரில் எளிதில் ஊறாது. ஆதலின் காசுமீரத்தார் மண்கூரைக்கு அடியில் அதனைப் பரப்பினர். பண்டங்களை அதில் பொதிந்து வைத்தனர். எல்லாவற்றுக்கும் மேலாக, அதில் எழுதினர்.

1030-ஆம் ஆண்டளவில் நம் நாட்டைப் பற்றி நூல் இயற்றிய அல்பெரூனி, தென்னாட்டார் பனையோலையிலும் வடநாட்டார் பூர்ஜப் பட்டையிலும் எழுதுவதைக் குறித்துள்ளார். பட்டைக்கு எண்ணெய் பூசித் தேய்த்து மெருகேற்றும் முறையையும் கூறுகிறார். 1881-இல் பெஷாவருக்கு அருகே பக்சாலி என்னும் ஊரில் மண்ணிலிருந்து வெளிப்பட்ட கணித ஏடு இத்தகைய பட்டையால் ஆனதே. அதில் சுழியத்துக்கு ஒரு புள்ளி இடப்பட்டிருக்கிறது. அந்த ஏடு இன்று ஆக்ஸ்போர்டு நூலகத்தில் இருக்கிறது.

மேற்பட்டையை மட்டும் பக்குவமாக உரித்தால் மரம் பிழைக்கும். உட்பட்டையையும் சுற்றிலும் அறுத்துவிட்டால், இலைகள் ஆக்கும் உணவு வேருக்கு இறங்கும் வழி அடைபட்டு, மரம் பட்டுப்போகும். கோடரிக்கோ இந்த நுட்பமெல்லாம் தெரியாது. கங்கோத்திரியிலிருந்து கோமுகம் செல்லும் வழியில் போஜ்பாசா என்றோர் இடம் உண்டு. பூர்ஜ மரங்களால் பெற்ற பெயர் அது. யாத்திரிகர் பெருகினர்; விறகுக்காக மரங்கள் வெட்டுண்டன. பெயர் நின்றது, காடு நிற்கவில்லை.

1981-இல் நந்தாதேவிச் சிகரம் ஏறிய ஹர்ஷவந்தி பிஷ்ட் என்னும் அம்மையார், 1990-களில் அங்கே மீண்டும் பூர்ஜக் கன்றுகளை நடலானார். அவர் கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்தவர். அந்தக் குளிரில் மரம் வளர்ப்பது எளிய செயலன்று. விதையோ மிகச் சிறியது. கன்று தழைக்கும் காலமோ ஆண்டில் சில திங்களே. ஆடுமாடுகள் மேயாமல் காக்கவும் வேண்டும். ஒரு பொழுதில் வெட்டிய மரத்தை மீட்க ஒரு தலைமுறை காத்திருக்க வேண்டியிருக்கிறது.

நம் ஊரில் பூர்ஜம் இல்லை. ஆனால் அதற்கு இணையாக நம் முன்னோர் எழுத்தைச் சுமந்த பனை இருக்கிறது. அதுவே நம் மாநில மரம். அதுவும் மெல்லத்தான் வளரும். நட்டவர் பயன் காணப் பத்து, பதினைந்து ஆண்டுகள் ஆகும். எனினும், இன்று நீங்கள் பனங்கொட்டையை ஏரிக்கரையில் ஊன்றினால், உங்கள் பிள்ளைகள் "பனையோலை என்றால் என்ன?" என்று கேட்கும்போது, என்னைப்போல் பிழையாக விடை கூற நேராது, கைநீட்டிக் காட்டலாம்.