ஐஸ்பெட்டியா, அலுமாரியா? விலை கூடின வீட்டுச் சாமான் வாங்கலாமா?

(எமது சங்கத்தின் குடும்ப ஒன்றுகூடலில் நான் பேசியதை, மலர்க்குழுவினர் கேட்டுக்கொண்டபடி எழுதித் தருகிறேன்.)



நான் மேடைப் பேச்சாளன் அல்ல. ஏ.எல். வரைக்கும் படித்துவிட்டு நாட்டைவிட்டு வெளிக்கிட்டவன். இங்கே ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை செய்கிறேன். "குடும்பச் செலவு பற்றி ஏதாவது பேசு" என்று செயலாளர் கேட்டபோது, எனக்குத் தெரிந்த ஒரேயொரு விஷயம் ஞாபகத்துக்கு வந்தது. அது ஒரு ஐஸ்பெட்டியின் கதை. அந்தப் பெட்டி இங்கே இல்லை. பர்மாவில், யங்கோன் நகரத்தின் இன்சீன் என்ற பகுதியில், என் மாமியார் வீட்டில் இருந்தது.

எங்கள் லைனில் என்னோடு வேலை செய்த ஒரு பர்மாத் தமிழரின் தங்கையைத்தான் நான் 2018இல் இன்சீனுக்குப் போய்க் கலியாணம் செய்தேன் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். இன்சீன் என்றால் வெளியுலகத்துக்குத் தெரிவது அங்கேயுள்ள பெரிய சிறைச்சாலைதான். ஆனால் அது ரயில்வே வேலைத்தலம் உள்ள ஊர். யங்கோனைச் சுற்றி ஓடும் வட்ட ரயில் அந்த வழியால்தான் போகிறது. வெள்ளைக்காரன் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து கூலி வேலைக்கும் ரயில் வேலைக்கும் போன சனத்தின் பேரப்பிள்ளைகள் இன்றைக்கும் அந்த நகரத்தில் தமிழ் பேசிக்கொண்டு இருக்கிறார்கள். 1964இல் கடைகள் எல்லாம் அரசுடைமை ஆனபோது இலட்சக்கணக்கானவர்கள் கப்பலேறினார்கள். சென்னைக்கு வந்தவர்களில் சிலர் கடற்கரைப் பக்கம் தட்டிக்கடை போட்டு வெளிநாட்டுச் சாமான் விற்றார்கள். அதுதான் பர்மா பஜார். வீட்டையும் சாமானையும் விட்டுவிட்டு வந்த சனம், மற்றவர்களுக்கு ரேடியோவும் ரேப் ரெக்கோடரும் விற்றுப் பிழைத்தது. என் மனைவியின் குடும்பம் கப்பல் ஏறவில்லை. இன்சீனிலேயே நின்றுவிட்டது.

கலியாணம் முடிந்து நாங்கள் இங்கே வந்த பிறகு, 2019 தொடக்கத்தில், "அம்மாவுக்கு ஒரு நல்ல ஐஸ்பெட்டி வாங்கிக் கொடுப்போம்" என்று இவ சொன்னா. எனக்கும் சம்மதம். புது மாப்பிள்ளை அல்லவா? சும்மா ஒரு சின்னப் பெட்டி போதாதென்று இரண்டு கதவுப் பெட்டிக்குக் காசு அனுப்பினேன். ஒன்பது இலட்சம் கியாத். அந்த நேரக் கணக்குக்கு ஏறத்தாழ 470 பவுண். அக்கம்பக்கத்தார் எல்லாம் வந்து பார்த்தார்களாம். படம் அனுப்பினார்கள். எனக்குத் தலைகால் தெரியாத சந்தோசம்.

அதே வருசம் ஜூலை முதலாம் திகதி அங்கே கறண்ட் விலை ஏறியது. முன்பு முதல் 100 யூனிற்றும் 35 கியாத்தாக இருந்தது. புதுக் கணக்கில் முதல் 30 யூனிற் மட்டும் 35 கியாத். பிறகு படிப்படியாக ஏறி, 200க்கு மேல் யூனிற் 125 கியாத். மாதம் 180 யூனிற் எரித்த வீட்டுக்கு 6,700 கியாத்தாக இருந்த பில் 15,150 ஆனது. மாமி எங்களுக்கு ஒரு சொல் சொல்லவில்லை. பெட்டி கொடுத்த பெருமை எங்களுக்கு, பில் கட்டின பாரம் அவவுக்கு. இது பிறகு மச்சான் சொல்லித்தான் தெரியும்.

2021 பெப்ரவரி முதலாம் திகதி ஆட்சி கவிழ்ந்தது. அதற்குப் பிறகு கறண்ட் முறை வைத்து வர ஆரம்பித்தது. நாலு மணித்தியாலம் இருக்கும், பிறகு நிற்கும். 2024இல் ஒரு நாளைக்கு எட்டு மணித்தியாலம் வந்தால் நல்ல நாள் என்றா மாமி. ஐஸ்பெட்டி என்றால் நாள் முழுக்கக் கறண்ட் வேண்டிய சாமான். வோல்டேஜ் குறைந்தால் கொம்பிரசர் மோட்டர் சரியாகச் சுற்ற மாட்டாமல் கூடக் கறண்டை இழுக்கும், சூடேறிக் கம்பி எரியும். நின்ற கறண்ட் உடனே வந்தாலும் கூடாது. உள்ளே இருக்கும் வாயுவின் அழுத்தம் சமப்பட ஐந்து நிமிசமாவது விட்டுத்தான் திரும்பப் போட வேண்டும். இதனால்தான் அங்கே பெட்டியோடு சேர்த்து வோல்டேஜைச் சீராக்குகிற இன்னொரு பெட்டியும் வாங்குகிறார்கள். சாமானைக் காப்பாற்ற இன்னொரு சாமான்!

கடைசியில் மாமி பிளக்கைக் கழற்றிவிட்டு, உள்ளே அரிசியும் பருப்பும் வைத்தா. "எலி வராது மாப்பிள்ளை, நல்ல அலமாரி" என்று ரெலிபோனில் சொல்லிச் சிரிச்சா. இவ சிரிக்கவில்லை.

எனக்கு அந்த அலுமாரி புதிதல்ல. யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தது. அப்பா சவூதியில் வேலை செய்து கொண்டுவந்த பிரிட்ஜ். 1990க்குப் பிறகு குடாநாட்டில் கறண்ட் இல்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட காலம். அம்மா அந்தப் பிரிட்ஜுக்குள் எங்கள் பள்ளிக்கூடப் புத்தகங்களை அடுக்கி வைத்தா. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இடம்பெயர்ந்தபோது எனக்கு ஏழு வயது. மூட்டையைக் கட்டிக்கொண்டு வெளிக்கிட்டோம், பிரிட்ஜ் அங்கேயே நின்றது. திரும்பிப் போனபோது அது இருந்த இடத்தில் சீமெந்தில் நாலு கால் அடையாளம் மட்டும்தான். அப்பா அதற்காக எத்தனை வருசம் வெயிலில் நின்றார் என்று எனக்கு இப்போது, நானும் ஒரு தொழிலாளியாக நிற்கும்போதுதான், விளங்குகிறது.

அப்படியானால் விலை கூடின சாமான் வாங்கவே கூடாது என்று சொல்ல வந்தேனா? இல்லை. கதையில் இன்னொரு பக்கம் இருக்கிறது.

மாமி வீட்டுக்காரர் நோட்டை நம்பாதவர்கள். அதற்குக் காரணம் உண்டு. பர்மாவில் 1964இல் 50, 100 கியாத் நோட்டுகளைச் செல்லாது என்றார்கள். 1985இலும் பெரிய நோட்டுகளை நிறுத்தினார்கள். 1987 செப்டெம்பர் 5ஆம் திகதி 25, 35, 75 கியாத் நோட்டுகள் ஒரே நாளில் செல்லாமல் போயின, அதற்கு மாற்றுக்காசும் கொடுக்கவில்லை. இவவின் அம்மம்மா பலகாரம் விற்றுக் கூரைத் தகரத்துக்கென்று சேர்த்தது எல்லாம் 75 கியாத் நோட்டாக இருந்ததாம். அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒரு பழக்கம்: கையில் காசு வந்தால் ஒன்று தங்கம், இல்லாவிட்டால் உபயோகமான சாமான். "நோட்டு போயிடும், பொருள் நிக்கும்" என்பா மாமி.

இப்போது கணக்கைப் பாருங்கள். 2021இல் ஆட்சி கவிழ்வதற்குச் சற்று முன் ஒரு டொலர் ஏறத்தாழ 1,330 கியாத். 2024இல் வெளிச்சந்தையில் 4,000ஐயும் தாண்டியது. அந்த வருசக் கடைசியில் மாமி ஐஸ்பெட்டியை விற்றா. பதினைந்து இலட்சம் கியாத்! வாங்கின விலையிலும் கூட என்று நாங்கள் வாயைப் பிளந்தோம். பவுணில் பார்த்தால் 270 அளவில், பாதிக்குக் கொஞ்சம் மேல். ஆனால் அந்த ஒன்பது இலட்சத்தையும் நோட்டாகப் பெட்டிக்குள் வைத்திருந்தால் 160 பவுண் அளவில்தான் தேறியிருக்கும். அலுமாரியாக நின்ற ஐஸ்பெட்டியும் நோட்டை வென்றுவிட்டது. எனவே "வீண்செலவு" என்று நான் சொன்னதும் முழுக்கச் சரியில்லை.

அந்தக் காசில் மாமி என்ன வாங்கினா? கூரைக்கு ஒரு சோலார் பலகை, ஒரு பற்றறி, இரண்டு பல்ப், ஒரு சின்ன மின்விசிறி. மிச்சத்துக்கு ஒரு பெரிய தண்ணீர்த் தாங்கி. அங்கே பல வீடுகளில் குழாய்க்கிணற்றிலிருந்து மோட்டர் போட்டுத்தான் தண்ணீர் இறைக்க வேண்டும். கறண்ட் இல்லையென்றால் தண்ணீரும் இல்லை. இப்போது இரவு எந்த நேரம் கறண்ட் வந்தாலும் எழும்பி மோட்டரைப் போட்டுத் தாங்கியை நிரப்பி, ரைஸ் குக்கரில் சோற்றையும் வைத்துவிடுகிறா. பிறகு கறண்ட் நின்றாலும் தண்ணீர் மேலே நிற்கும், சோறு பானையில் இருக்கும். எனக்குத் தோன்றாத மூளை அவவுக்குத் தோன்றியது. கறண்ட் வந்த நேரம் செய்த வேலையைச் சேமித்து வைக்கிற சாமான்தான் அந்த ஊருக்கு ஏற்ற சாமான். அந்த வீட்டில் இன்னும் உழைத்துக்கொண்டிருப்பது அம்மம்மாவின் பழைய கால் தையல் மெசின். அதுக்குக் கறண்டே தேவையில்லை.

இனி எங்கள் பக்கம் வருவோம். இங்கே கறண்ட் நிற்பதில்லை. எங்களுக்கு வேறு வியாதி. ஒரு வீட்டில் பெரிய ரி.வி. வந்தால் அடுத்த வீட்டிலும் வரவேண்டும். மாதக் கட்டுப்பணத்தில் எடுத்து, இரண்டு வேலை செய்து வட்டி கட்டுகிறோம். நானும் செய்தவன்தான், மறைக்க ஒன்றுமில்லை.

போன வருசம் எங்கள் வோஷிங் மெசின் பழுதானது. மலிவு என்று வாங்கினது, மூன்று வருசத்தில் முடிந்தது. இவ 900 பவுண் மெசினைக் காட்டினா. நான் 300 பவுண் மெசினைக் காட்டினேன். வீட்டில் சண்டை. "நீங்க ஒருநாள் துவைச்சுப் பாருங்க" என்றா. சரியென்று பார்த்தேன். மூன்று கிழமை, வேலை முடிந்து வந்து, பிள்ளைகளின் உடுப்பையும் என் வேலை உடுப்பையும் குளிக்கும் தொட்டியில் போட்டு மிதித்தேன். முதுகு முறிந்தது. ஒரு சாமானின் விலையைக் கடையில் நிற்கும் ஆம்பிளை தீர்மானிக்கிறான், அதில்லாத கஷ்டத்தைப் பொம்பிளை படுகிறா என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அதன்பிறகு இரண்டு பேரும் இருந்து கணக்குப் போட்டோம். கடையில் ஒட்டியிருக்கும் லேபலில் 100 தரம் துவைக்க எத்தனை யூனிற் என்று இருக்கும். விலை கூடினதில் 49, குறைந்ததில் 76. வித்தியாசம் 27 யூனிற். நாங்கள் வருசத்துக்கு 200 தரம் துவைப்போம் என்று வைத்தால் 54 யூனிற். யூனிற் 25 பென்ஸ் என்றால் வருசத்துக்கு 13 பவுண் 50 பென்ஸ்தான் மிச்சம். 600 பவுண் வித்தியாசத்தை அதால் அடைக்க நாற்பது வருசத்துக்கு மேல் வேண்டும்! மெசினில் கறண்டைத் தின்பது பெரும்பாலும் தண்ணீரைச் சூடாக்கும் வேலைதான். 30 பாகையில் துவைத்தால் எந்த மெசினிலும் செலவு குறையும். ஆகவே "கறண்ட் மிச்சம்" என்று கடைக்காரர் சொன்னால் மயங்க வேண்டாம். எத்தனை வருசம் உழைக்கும், திருத்தலாமா என்று கேளுங்கள்.

கடைசியில் 450 பவுணுக்கு ஒன்றை, காசு சேர்த்து, கடனில்லாமல் வாங்கினோம். சரியோ பிழையோ பத்து வருசம் கழித்துத்தான் தெரியும்.

வாங்குமுன் நாங்கள் கேட்ட கேள்விகளை உங்களுக்கும் தருகிறேன்.

1. இது யாருடைய உடம்பு நோவைக் குறைக்கும்? வந்த விருந்தாளிக்குக் காட்ட மட்டும் என்றால் விட்டுவிடுங்கள்.

2. பழுதானால் திருத்தலாமா? பிரித்தானியாவில் 2021 ஜூலை தொடக்கம் புதிய வோஷிங் மெசின், பிரிட்ஜ் போன்றவற்றுக்கு, சாமானைப் பொறுத்து ஏழு முதல் பத்து வருசம் வரை உதிரிப்பாகம் கொடுக்க வேண்டுமென்று விதி இருக்கிறது.

3. ரசீது கையில் இருக்கிறதா? 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, பழுதான சாமானை 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுக்காசும் கேட்கலாம். கடனட்டையில் 100 பவுணுக்கு மேற்பட்ட சாமான் வாங்கினால், 1974ஆம் ஆண்டுச் சட்டத்தின் 75ஆம் பிரிவுப்படி அட்டைக் கொம்பனிக்கும் பொறுப்புண்டு. பாஷை தெரியாது என்று பயந்து விடாதீர்கள். சங்கத்தில் கடிதம் எழுதித் தருவார்கள்.

4. ஊருக்கு அனுப்புவதென்றால் அங்கே இருப்பவரைக் கேட்டீர்களா? நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மாமி 2019இலேயே "தாங்கி" என்று சொல்லியிருப்பா.

சித்திரைப் புத்தாண்டு வருகிற அதே கிழமையில்தான் பர்மாவிலும் புதுவருசம். தின்ஜான் என்று சொல்லி ஆளுக்காள் தண்ணீர் ஊற்றி விளையாடுவார்கள். போன வருசம் இவ தாயிடம் ரெலிபோனில் கேட்டா, "அம்மா, இந்த வருசம் என்ன அனுப்ப?" என்று. "ஒண்ணும் வேணாம், தாங்கி நெறைய தண்ணி இருக்கு" என்று பதில் வந்தது. அன்றைக்கு எங்கள் வீட்டில் ஒரு சண்டையும் இல்லை.

உங்கள் எல்லோர் வீட்டிலும் அப்படி நிறைய வேண்டும் என்று வாழ்த்துகிறேன்.