தாத்தாவும் சிகாகோ பேண்டும்

குற்றாலத்துல சீசன், நான் தென்காசி வீட்டுல. 1969ல வந்த 'சிகாகோ டிரான்ஸிட் அத்தாரிட்டி' ஆல்பம் ஓடிட்டிருந்தது. ராக் இசைதான், ஆனா டிரம்பெட், டிராம்போன், சாக்ஸபோன் மூணும் கிட்டாருக்குப் பின்னாடி ஒதுங்காது, முன்னாடி வந்து நிற்கும்.

தாத்தா எட்டிப் பார்த்தார். "ஏல, யாருல இவனுவ? பாட்டுக்குச் சமமா ஊதுதானுவளே!"

உடனே 1962ல வந்த 'கொஞ்சும் சலங்கை' பாட்டைப் போடச் சொன்னார். எஸ். ஜானகி குரல், நம்ம காருகுறிச்சி அருணாசலத்தோட நாதஸ்வரம். குரல் ஏறுற இடமெல்லாம் நாதஸ்வரமும் ஏறுது. சிகாகோவுக்கு ஏழு வருஷம் முன்னாடியே!

தாத்தாவும் கோயில் கொடைகள்ல நாதஸ்வரம் வாசிச்சவர்தான். காலேஜ்ல நாலு வருஷமும் அதை யார்கிட்டயும் நான் சொன்னதில்லை. இன்னைக்கு உங்ககிட்ட சொல்லிட்டேன். ரெண்டையும் அடுத்தடுத்து கேட்டுப் பாருங்க.