ஒரே வீடு, மூன்று மாவட்டம்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



இன்ஜினியரைப் பேசக் கூப்பிட்டால் வேலைவாய்ப்பைப் பற்றித்தான் பேசுவான் என்று நினைத்திருப்பீர்கள். அதைச் சாப்பாட்டுக்குப் பிறகு தனியாகக் கேளுங்கள், சொல்கிறேன். இப்போது நம்ம ஊர்ப் பெயர்களைப் பற்றிக் கொஞ்சம் பேச ஆசை.

காரணம் இருக்கிறது. சில வருஷங்களுக்கு முன், வெளிநாட்டு வேலை விஷயமாக, சான்றிதழ்களைத் தூக்கிக்கொண்டு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். என் பிறப்புச் சான்றிதழில் காமராஜர் மாவட்டம். பள்ளிச் சான்றிதழில் விருதுநகர் மாவட்டம். அப்பாவுடையதில் இராமநாதபுரம் மாவட்டம். "எத்தனை ஊர்தாங்க மாறினீங்க?" என்றார் அங்கிருந்தவர். "ஒரே வீடுதான் சார், தாத்தா கட்டினது" என்றேன். அவர் நம்பவில்லை. நாலு தடவை அலைந்து, கடைசித் தேதிக்கு முந்தின நாள்தான் காரியம் முடிந்தது.

நடந்தது இதுதான். 1985-ல் பழைய இராமநாதபுரம் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தார்கள். நம் பக்கம் காமராஜர் மாவட்டம் ஆனது. 1997-ல் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வைத்த பெயரை ஒட்டித் தென்மாவட்டங்களில் கலவரம் மூண்டது. அதன்பின் எல்லா மாவட்டங்களிலிருந்தும் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரை எடுத்துவிட்டார்கள். எனக்கு அப்போது விவரம் தெரியாத வயசு.

விருதுநகர் என்பதும் பழைய பெயர் இல்லை. 1923 வரை விருதுபட்டி. காமராஜர் 1903-ல் பிறந்தது விருதுபட்டியில்தான். பல ஊர்களில் ஜெயித்து விருதுகளோடு வந்த ஒரு வீரன் இங்கே சவால் விட்டான், உள்ளூர்க்காரர் ஒருவர் அவனை வென்று விருதுகளைப் பறித்தார், அதனால் 'விருதுவெட்டி', அதுவே பிறகு விருதுபட்டி என்று ஒரு கதை. கதை எப்படியோ போகட்டும். வற்றல், மல்லி, எண்ணெய் என்று ஊர் ஊராக வியாபாரம் செய்த ஜனங்களுக்குப் 'பட்டி' பிடிக்காமல் போனதில் ஆச்சரியமில்லை. நகரசபையே தீர்மானம் போட்டு 'நகர்' ஆக்கிக்கொண்டது. எங்க அப்பத்தா மட்டும் கடைசி வரை "விருதுபட்டிக்குப் போயிட்டு வாரேன்" என்றுதான் சொல்லும்.

சிவகாசிக்கு வேறு கதை. பாண்டிய மன்னன் காசியிலிருந்து தென்காசிக்குச் சிவலிங்கம் கொண்டு போகும்போது, சுமந்து வந்த பசு இங்கே நின்றுவிட்டதாம். அதனால் லிங்கத்தை இங்கேயே பிரதிஷ்டை செய்தார்களாம். பக்கத்துத் திருத்தங்கலைச் சிலப்பதிகாரத்திலேயே பார்க்கலாம், அவ்வளவு பழசு. 2021-ல் அது சிவகாசி மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. திருத்தங்கல் நண்பர்கள் கோபிக்க வேண்டாம், பழைய பெயர் உங்களுடையதுதான்.

அந்த அலுவலகத்திலிருந்து திரும்பிய அன்று, "பேரை மாத்திக்கிட்டே இருந்தா மனுஷன் என்ன பண்றது?" என்று வீட்டில் கத்தினேன். அப்போதுதான் தாத்தா சங்கரலிங்கனாரைப் பற்றிச் சொன்னார். பள்ளியில் ஒரு வரி படித்திருந்தேன், அவ்வளவுதான்.

1956 ஜூலை 27. சென்னை மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைக்க வேண்டும் என்பது உள்ளிட்ட கோரிக்கைகளோடு, காந்தியவாதியான அந்த அறுபது வயதுக்காரர் விருதுநகரில் உண்ணாவிரதம் தொடங்கினார். எழுபது நாளைத் தாண்டியது. பலர் வந்து நிறுத்தச் சொல்லியும் கேட்கவில்லை. அக்டோபரில் உயிர் போய்விட்டது. அப்போது முதலமைச்சர் காமராஜர். கேட்டவரும் விருதுநகர், கேட்கப்பட்டவரும் விருதுநகர். தமிழ்நாடு என்ற பெயர் நடைமுறைக்கு வந்தது 1969 ஜனவரி 14-ல்.

தாத்தா அப்போது கடைக்குச் சரக்கெடுக்க விருதுநகர் போகிற பையன். தேசபந்து மைதானத்தில் அவர் படுத்திருந்ததைப் பார்த்திருக்கிறார். "கிட்டப் போய் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்டா, சரக்கு நெனப்புல வந்துட்டேன்" என்றார். அதற்குமேல் அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.