குற்றம் கருவியில் இல்லை



பத்தாம் ஆண்டு விழாவில் கவிதையை விடுத்து ஒரு கணித அறிஞரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பொறுத்தருள்க. மேரி கார்ட்ரைட், 1900இல் இங்கிலாந்தின் ஒரு சிற்றூரில் பாதிரியாரின் மகளாகப் பிறந்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் பயின்று, நான்காண்டுகள் பள்ளி ஆசிரியையாக இருந்து, மீண்டும் ஆய்வுக்கு வந்தவர். நம் இராமானுஜனைக் கேம்பிரிட்ஜுக்கு அழைத்த ஹார்டியே இவருக்கும் வழிகாட்டி.

1938இல் பிரிட்டனின் வானொலி ஆய்வு வாரியம் கணித அறிஞர்களின் உதவியை நாடிற்று. மின்னலைகளின் போக்கைக் குறிக்கும் சில சமன்பாடுகள் பொறியாளர்களுக்குப் பிடிபடவில்லை. கார்ட்ரைட் அவற்றை லிட்டில்வுட்டிடம் காட்டினார். இருவரும் ஏறத்தாழப் பத்தாண்டுகள் அவற்றோடு போராடினர்.

அதற்குள் போர் வந்துவிட்டது. ஆற்றல் மிக்க ஆம்ப்ளிஃபையர்கள் தாறுமாறாக நடந்துகொண்டன. வெண்பாவில் தளை தட்டினால் நாம் புலவரைக் குறை சொல்வோம். படைவீரர்கள் கருவி செய்தவர்களைக் குறை சொன்னார்கள். குற்றம் கருவியில் இல்லை, சமன்பாட்டின் இயல்பே அது என்று இவ்விருவரும் காட்டினர். சீரான விசையால் இயக்கினும், ஒரே சமன்பாட்டிலிருந்து வெவ்வேறு கால அளவுடைய இருவகை ஒழுங்குகள் பிறக்கின்றன. அவற்றினிடையே எண்ணித் தீராத சிக்கலான பாதைகள் கிடக்கின்றன. விதி திட்டமானது, விளைவோ கைக்குள் அடங்காதது. கவிதை எழுதுவோர்க்கு இது வியப்பாக இராது என்று நினைக்கிறேன்.

கணித உலகமோ இதை உடனே உணரவில்லை. 1942இல் அவர் உரையைக் கேட்ட இளைஞர் ஃப்ரீமன் டைசன், அதன் அழகு தமக்குப் புலப்பட்டதென்றும், முக்கியத்துவம் புலப்படவில்லை என்றும் பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். 1949இல் லெவின்சன் அதற்கு எளிய வடிவம் தந்தார். அதன் வழியே 1960இல் ஸ்மேல் தம் புகழ்பெற்ற குதிரைலாட வடிவத்தைக் கண்டார். ‘கேயாஸ்’ என்ற பெயர் பரவியது அதற்கும் பின்னரே.

பதவிகளும் பட்டங்களும் வந்தன: 1947இல் ராயல் சொசைட்டி, 1949இல் கர்ட்டன் கல்லூரித் தலைமை. அவற்றை விரிக்கப் போவதில்லை. முதுமையில், அத்துறையைக் கண்டறிந்தோருள் ஒருவர் என்று டைசன் தம்மைப் பாராட்டியபோது, தகுதிக்கு மேல் புகழ்ந்துவிட்டீர் என்று கடிந்து கடிதம் எழுதியவர் அவர். 1998இல் மறைந்தார். நினைவுக் கூட்டத்தில் புகழுரை கூடாதென்று முன்னரே கண்டிப்பாகச் சொல்லி வைத்திருந்தார்.

விழா மேடையில் இதைச் சொல்வதில் எனக்குச் சற்றுக் கூச்சம்தான். அடுத்துப் பேச இருப்பவர்கள் என்னை மன்னிப்பார்களாக.