விசாரிப்பவர் யாருக்கு உறவு?

(பிரிக்பீல்ட்ஸில் நடைபெற்ற தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் தகவல் அதிகாரி ஆற்றிய உரை)



பால் நிறுக்கும் கொட்டகையில் தம் மைத்துனரின் வாளியைத் தாமே நிறுத்துப் பதியும் கிராணி எத்துணை நேர்மையாளராயினும், வரிசையில் நிற்போரின் கண் தராசை விட்டு அகலாது. அவர் தவறு செய்தார் என்று எவரும் கூறவில்லை. வேறொருவர் நிறுத்திருந்தால் இப்பேச்சே எழுந்திராது. குற்ற வழக்கை விசாரிக்கும் போலீஸ் அதிகாரிக்கும் இது பொருந்தும். குற்றஞ்சாட்டப்பட்டவர் அவருடைய உறவினராகவோ, உடன் பணியாற்றுபவராகவோ இருந்தால், அவர் பொய் எழுத வேண்டியதில்லை. ஒரு சாட்சியை அழைக்காமல் விட்டாலே போதும். வழக்குத் தொடுப்பது சட்டத்துறைத் தலைவரின் அதிகாரமே. ஆனால் அவர்முன் செல்வது போலீசார் தொகுத்த கோப்பு. அதில் இல்லாததை அவர் எங்ஙனம் அறிவார்?

இங்கிருந்து அதிகத் தொலைவில் இல்லாத சுபாங் ஜெயா, தைப்பான் போலீஸ் நிலையத்தில், 2009 ஜனவரி 20-ஆம் நாள் அ. குகன் என்ற இளைஞர் இறந்தார். வாகனத் திருட்டு ஐயத்தின் பேரில் பிடிக்கப்பட்டவர். நுரையீரலில் நீர் கோத்ததே காரணம் என்றது செர்டாங் மருத்துவமனையில் நடந்த முதல் பிணப் பரிசோதனை. குடும்பத்தார் விடவில்லை. மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் நடந்த இரண்டாம் பரிசோதனை, அடிபட்டதால் தசைகள் சிதைந்து சிறுநீரகம் செயலிழந்ததைக் காட்டியது. போலீஸ் காவலில் நேர்ந்த சாவை விசாரித்தவர்களும் போலீசாரே! காயம் விளைவித்ததாக ஒரே ஒரு காவலர்மீதுதான் குற்றஞ்சாட்டப்பட்டது. தாயார் தொடுத்த சிவில் வழக்கில் 2013-இல் உயர் நீதிமன்றம் 8 லட்சத்து 1,700 ரிங்கிட் வழங்கத் தீர்ப்பளித்தது. மேன்முறையீட்டில் தொகை குறைந்தாலும் பொறுப்பு உறுதியாயிற்று.

இத்தகைய சிக்கல் முன்னரே உணரப்பட்டதுதான். துன் முகமட் சைடின் அப்துல்லா தலைமையிலான அரச ஆணையம் 2005-இல் 125 பரிந்துரைகளை வழங்கியது. போலீசார்மீதான புகார்களை விசாரிக்கச் சுயேச்சை ஆணையம் வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. போலீஸ் நடத்தைக்கான சுயேச்சை ஆணையம் செயற்படத் தொடங்கியதோ 2023 ஜூலை 1-ஆம் நாள். பதினெட்டு ஆண்டுகள்! அதுவும் நேரடியாகத் தண்டிக்கும் அதிகாரமின்றி வந்தது. ஆயினும் புகார் செய்ய இடமுண்டு, அதை விட்டுவிடலாகாது.

நடைமுறைக்கு வருகிறேன். நீங்கள் சொல்வதை அதிகாரி எழுதியபின் உங்களுக்குப் படித்துக் காட்ட வேண்டும். மலாய் விளங்காவிட்டால் விளங்கவில்லை என்று கூறுங்கள். அதற்குமுன் கைநாட்டு வைக்காதீர்கள். அதிகாரி எதிர்த்தரப்பாருக்கு வேண்டியவர் எனத் தெரிந்தால், அவரிடம் வாதாட வேண்டாம். உறவு இன்னதென எழுதி, வேறு அதிகாரியை நியமிக்குமாறு மாவட்டப் போலீஸ் தலைவருக்கு விண்ணப்பியுங்கள். நகலொன்று உங்களிடம் இருக்கட்டும். புகார் செய்து 4 வாரங்கள் கடந்தபின், விசாரணை எந்நிலையில் உள்ளதென்று கேட்கக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107ஏ பிரிவு உரிமை தருகிறது. 2 வாரங்களுக்குள் விடை வர வேண்டும். வராவிடில் அரசாங்க வழக்கறிஞரிடம் முறையிடலாம். கைதானவரோ, தம் உறவினருக்கும் வழக்கறிஞருக்கும் தகவல் சொல்ல உரிமை உடையவர்.

விண்ணப்பம் எழுதத் துணை வேண்டுவோர் கூட்ட முடிவில் என்னிடம் வாருங்கள். புகார் எண்ணை மறவாமல் கொண்டு வாருங்கள்.